பேராசிரியர் எம்.எஸ். நரசிம்மன்: செம்பூர் ஞாயிறு வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஞாயிறு காலைகளில் கணக்கு வகுப்பு நடக்கிறது. பள்ளிப் பாடம் கிடையாது, தேர்வும் கிடையாது. செம்பூர், மாட்டுங்கா, தாராவி, ஆன்டாப் ஹில் பக்கமிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து காகிதமும் கத்தரிக்கோலுமாகக் கணக்குப் போடுவார்கள். சுவரில் இரண்டு படங்கள் மாட்டியிருக்கிறேன். ராமானுஜனை வருகிற எல்லோருக்கும் தெரிகிறது. பக்கத்தில் இருப்பவரை யாருக்கும் தெரிவதில்லை. அதனால் எழும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ராமானுஜனுக்குப் பக்கத்தில் இருப்பவர் யார்?

பேராசிரியர் எம்.எஸ். நரசிம்மன். 1932 ஜூன் 7-ல் பிறந்தார். சொந்த ஊர் பழைய வட ஆர்க்காடு பக்கத்துத் தண்டரை. ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். சென்னை லயோலா கல்லூரியில் படித்துவிட்டு 1953-ல் நம் பம்பாய்க்கு வந்தார். ஏறக்குறைய நாற்பது ஆண்டு டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில், அதாவது எல்லோரும் டி.ஐ.எஃப்.ஆர். என்று சொல்லும் இடத்தில், வடிவியல் ஆராய்ச்சி செய்தார். 2021 மே 15-ல் பெங்களூரில் காலமானார்.

நாம் கடல் பார்க்கக் கொலாபா போய் வருகிறோமே, அந்தத் தெற்குக் கோடியில் உட்கார்ந்துதான் வேலை செய்தார். உலகம் முழுக்க வடிவியல் படிப்பவர்களுக்குத் தெரிந்த பெயர் இந்த ஊர்த் தமிழ் வீடுகளில் தெரியவில்லையே என்ற ஆதங்கம்தான் என்னை இதை எழுத வைத்தது.

இவருக்கும் சாமி கனவில் வந்து கணக்கு சொன்னதா?

ஒவ்வொரு புதுக் குழந்தையும் கேட்கிற கேள்வி இது. நாமக்கல் தாயார் ராமானுஜன் கனவில் வந்து கணக்கு சொன்ன கதையைத்தான் வீட்டில் கேட்டிருக்கிறார்கள். ராமானுஜனை நான் கும்பிடுகிறேன். ஆனால் அந்த ஒரு கதையை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தால், "எனக்குக் கனவு வரவில்லை, எனக்குக் கணக்கு வராது" என்று ஒரு பெண் குழந்தை எட்டாம் வகுப்பிலேயே முடிவுகட்டிவிடுகிறது. என் வகுப்பிலேயே அப்படி ஒருத்தி இருந்தாள்.

நரசிம்மன் வாழ்க்கை வேறு மாதிரி. நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைத்தார், நல்ல இடம் ஒன்று கிடைத்தது, கூட உட்கார்ந்து யோசிக்க நண்பர் ஒருவர் கிடைத்தார், பிறகு மாணவர்கள் கிடைத்தார்கள். அவருடைய பெரிய வேலைகளில் முக்கால்வாசி இன்னொருவர் பெயரோடு சேர்ந்தே இருக்கும்: நரசிம்மன்–சேஷாத்ரி, நரசிம்மன்–ராமனன், ஹார்டர்–நரசிம்மன், கொத்தாகே–நரசிம்மன். கணக்கைக் கூட்டாளியோடு பேசிப் பேசிச் செய்யலாம் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளத்தான் இரண்டாவது படத்தை மாட்டினேன்.

கிராமத்திலிருந்து வந்தவருக்கு இந்தக் கணக்கெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

லயோலாவில் ஃபாதர் ரசீன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இருந்தார். பாரிஸில் எலி கார்த்தான் என்ற பெரிய வடிவியல் மேதையிடம் படித்தவர். 1937-ல் இந்தியா வந்து, கடைசி வரை இங்கேயே இருந்தார். அந்தக் காலத்தில் இந்தியக் கல்லூரிகளில் கேம்பிரிட்ஜ் பரீட்சைப் பாணிக் கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. ரசீன் புது ஐரோப்பியக் கணிதப் புத்தகங்களை மாணவர்கள் கையில் கொடுத்தார். தேறியவர்களை "பம்பாய்க்குப் போ" என்று அனுப்பி வைத்தார். அப்படி 1953-ல் வந்தவர்கள் இருவர். ஒருவர் நரசிம்மன், மற்றவர் காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கல்பட்டில் வளர்ந்த சி.எஸ். சேஷாத்ரி.

அப்போது டி.ஐ.எஃப்.ஆர். எப்படி இருந்தது?

இன்று நேவி நகரில் கடலை ஒட்டி நிற்கும் கட்டடம் அப்போது இல்லை. அது 1962 ஜனவரியில் நேரு திறந்து வைத்தது. ஹோமி பாபா கழகத்தை 1945-ல் பெங்களூரில் ஆரம்பித்து, அதே ஆண்டு பெடர் ரோட்டில் ஒரு பங்களாவுக்குக் கொண்டுவந்தார். 1949-ல் கேட்வே ஆஃப் இந்தியா பக்கத்தில் இருந்த பழைய யாட் கிளப் கட்டடத்துக்கு மாறியது. நரசிம்மனும் சேஷாத்ரியும் வந்து சேர்ந்தது அந்த யாட் கிளப்புக்குத்தான்.

கணிதப் பிரிவை நடத்தியவர் கே. சந்திரசேகரன். அவர் கொண்டுவந்த முறை ஒன்றை நான் என் வகுப்பிலும் காப்பியடித்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து பெரிய கணித மேதைகளை அழைத்து ஓரிரு மாதம் தங்க வைத்துப் பாடம் எடுக்கச் சொல்வார். லோரான் ஷ்வார்ட்ஸ், கார்ல் சீகல் போன்றவர்கள் வந்தார்கள். உட்கார்ந்து கேட்கும் இளம் மாணவர் ஒருவர் அந்தப் பாடத்தை எழுதி, ஓட்டைகளை நிரப்பி, புத்தகமாகக் கொண்டுவர வேண்டும். புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு எழுந்து போக முடியாது. அந்தக் குறிப்புப் புத்தகங்களை உலகம் முழுக்க வாங்கிப் படித்தார்கள்.

பாரிஸ் எதற்குப் போனார்?

ஷ்வார்ட்ஸ் அழைத்தார். 1957-ல் போனார், சேஷாத்ரியும் போனார். அங்கே நரசிம்மனுக்கு ப்ளூரிசி என்ற நுரையீரல் உறை நோய் வந்து ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. உடம்பு தேறியதும் மறுபடி வேலைதான். ஜப்பான்காரர் கொத்தாகேயோடு சேர்ந்து பகுப்பாய்வில் ஒரு தேற்றம், நம் ராமனனோடு சேர்ந்து 1961-ல் இன்னொன்று என்று வந்துகொண்டிருந்தது. ஊர் திரும்பியபின் நரசிம்மனும் சேஷாத்ரியும் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தக் கேள்வி என்ன? எனக்குப் புரியும்படி சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் கையில் காகிதம் வேண்டும். வெறும் வாயால் சொன்னால் இது ஏறாது.

பழைய மாதக் காலண்டரிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் நீளமான பட்டை ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். மை பின்பக்கம் ஊறுகிற ஸ்கெட்ச் பேனாவால், பட்டை நெடுக, மேல் ஓரத்தைப் பார்த்தபடி வரிசையாக அம்புகள் போடுங்கள். இப்போது இரண்டு முனைகளையும் நேராக ஒட்டினால் வளையல் மாதிரி ஆகும். ஓர் அம்பில் ஆரம்பித்துச் சுற்றி வாருங்கள். கிளம்பிய அம்பும் வந்து சேர்ந்த அம்பும் ஒரே பக்கம் பார்க்கும்.

இன்னொரு பட்டையை எடுத்து, ஒரு முனையை அரைத் திருப்பு திருப்பி ஒட்டுங்கள். மறுபடி சுற்றி வாருங்கள். ஒவ்வோர் அம்பும் தன் பக்கத்து அம்போடு ஒத்துப்போகிறது, எந்த இடத்திலும் சண்டை இல்லை. ஆனால் ஒட்டிய இடத்துக்கு வந்ததும் பாருங்கள்: காகிதத்தின் ஒரு பக்கம் மேலே பார்க்கும் அம்பு, மறுபக்கம் ஊறித் தெரிகிற அம்பு கீழே பார்க்கிறது. போன மாதம் ஒரு பையன் இதைப் பார்த்துவிட்டு நான் தப்பாக ஒட்டிவிட்டேன் என்று பிரித்துத் திரும்ப ஒட்டினான். மூன்றாம் முறை ஒட்டிவிட்டு, "ஆன்ட்டி, தப்பு ஒரு இடத்துல இல்ல, சுத்துறதுலதான் இருக்கு" என்றான். அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் சொன்னதுதான் விஷயத்தின் பாதி.

இப்படி ஒரு வடிவத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் அம்புகளின் தொகுதி ஒன்றை நட்டு, எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டால் கிடைப்பதற்கு வெக்டர் கற்றை என்று பெயர். அது எப்படித் திரும்பியிருக்கிறது என்பதைச் சுற்றி வந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

வளையலுக்கு ஒரே ஒரு சுற்றுதான். உருண்டையில் எந்த நூலைச் சுற்றினாலும் நழுவி வந்துவிடும். மெதுவடையில் இரண்டு விதமாகச் சுற்றலாம்: ஓட்டையைச் சுற்றி ஒரு நூல், ஓட்டைக்குள் விட்டு வெளியே எடுத்து ஒரு நூல். இரண்டும் நழுவாது. எண்ணெயில் இரண்டு வடை ஒட்டிக்கொண்டு வெந்துவிடுமே, அதில் நான்கு சுற்றுகள்.

கேள்வி இதுதான்: ஒரு வடிவத்தின் மேல் என்னென்ன கற்றைகள் இருக்க முடியும், அவற்றை எப்படி வகைப்படுத்துவது? உருண்டைக்கு 1957-ல் குரோதெந்தீக் என்ற கணித மேதை விடை சொன்னார். அதே ஆண்டு வடைக்கு அதியா என்ற பிரிட்டிஷ் கணித மேதை சொன்னார். ஒட்டிய வடையும் அதற்கு மேல் ஓட்டை உள்ளவையும் பாக்கி இருந்தன. அங்கேதான் கற்றைகள் எக்கச்சக்கமாகப் பெருகி, கட்டுக்கடங்காமல் போகின்றன.

அவர்கள் கண்டுபிடித்தது என்ன?

கற்றைகளைப் பார்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று இயற்கணித வழி: சமன்பாடுகளால் கட்டிய கற்றைகளில் எவற்றை "நிலையானவை" என்று எடுத்துக்கொள்வது என்று டேவிட் மம்ஃபோர்டு 1960-களின் தொடக்கத்தில் ஓர் இலக்கணம் கொடுத்திருந்தார். இன்னொன்று சுற்றி வரும் வழி: ஒவ்வொரு சுற்றுக்கும், அம்பின் நீளம் மாறாமல் அது எப்படித் திரும்பி வருகிறது என்று எழுதிப் பட்டியல் போடுவது. இந்தத் திசையில் ஆந்த்ரே வெய்ல் 1938-லேயே கை காட்டியிருந்தார்.

நரசிம்மனும் சேஷாத்ரியும் நிரூபித்தது: நிகரத் திருப்பம் (கற்றை மொத்தத்தில் எவ்வளவு முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்லும் எண்) பூச்சியமாக இருக்கும் கற்றைகளில், மம்ஃபோர்டின் நிலையான கற்றைகள் ஒவ்வொன்றும், இதற்கு மேல் சிறு துண்டாகப் பிரிக்க முடியாத திருப்பங்களின் பட்டியல் ஒன்றிலிருந்து வருகிறது. பட்டியல் ஒவ்வொன்றும் அப்படி ஒரு கற்றையைத் தருகிறது. ஒன்றுக்கு ஒன்று, விட்டுப்போனது எதுவும் இல்லை. பூச்சியம் இல்லாதவற்றுக்கும் கொஞ்சம் மாற்றிய வடிவத்தில் இதைச் சொன்னார்கள். 1965-ல் 'அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' இதழில் வெளியானது.

இரண்டு வேறு ஊர்க்காரர்கள், வேறு மொழியில், வேறு காரணத்துக்காக எழுதி வைத்த பெயர்ப் பட்டியல்கள் வரிக்கு வரி ஒத்துப்போனால் எப்படி இருக்கும்? எனக்கு முதன்முறை புரிந்த அன்று லோக்கலில் செம்பூரில் இறங்க மறந்து மான்குர்ட் வரை போய்விட்டேன்.

"நிலையான" என்றால் ஆடாமல் நிற்பதா?

பெயர் அப்படி, உள்ளே இருப்பது ஒரு சராசரி. ஒவ்வொரு கற்றைக்கும் அதன் நிகரத் திருப்பத்தை அதன் பரிமாணத்தால் (ஒவ்வொரு புள்ளியிலும் நட்ட அம்புத் தொகுதியின் பரிமாணம்) வகுத்து ஓர் எண் கிடைக்கும். அதற்குச் சாய்வு என்று பெயர். கற்றைக்குள் சின்னக் கற்றைகள் இருக்கலாம். அவற்றில் எதன் சாய்வும் மொத்தத்தின் சாய்வைவிடக் குறைவாகவே இருந்தால் அது நிலையானது.

நிலையில்லாதவற்றை என்ன செய்வது? இங்கேதான் ஜெர்மானியரான ஹார்டரோடு நரசிம்மன் 1975-ல் எழுதிய கட்டுரை வருகிறது. அரிசியும் குருணையும் மாவும் கலந்து கொட்டிக் கிடந்தால் சலிக்கிறோம். முதல் சல்லடையில் அரிசி நிற்கும், அடுத்ததில் குருணை, கீழே மாவு. அம்மா சலித்தாலும் நான் சலித்தாலும் அதே மூன்று குவியல். அதே மாதிரி எந்தக் கற்றையையும் சாய்வு அதிகமான பகுதியில் தொடங்கி அடுக்கடுக்காகப் பிரிக்கலாம், யார் பிரித்தாலும் அதே அடுக்குகள்தான் வரும். இதற்கு ஹார்டர்–நரசிம்மன் வடிகட்டல் என்று பெயர். இயற்கணித வடிவியலில் இன்று அன்றாடக் கருவி. என்னைக் கேட்டால் முதல் தேற்றத்தைவிட அதிகம் பேர் கையில் புழங்குவது இந்தச் சல்லடைதான்.

நரசிம்மன், சேஷாத்ரி இரண்டு பேரில் யார் பெரியவர்? நரசிம்மன் பெயர் ஏன் முதலில் வருகிறது?

கணிதத்தில் கட்டுரை எழுதியவர்கள் பெயர் ஆங்கில அகர வரிசைப்படி வரும், அவ்வளவுதான். இரண்டு பேரும் சேர்ந்து செய்தது. சேஷாத்ரி 1984-ல் சென்னைக்குப் போனார். 1989-ல் தொடங்கிய சிறு கணிதப் பள்ளியை இன்றைய சென்னைக் கணிதவியல் கழகமாக வளர்த்தார். கர்நாடக சங்கீதம் நன்றாகப் பாடுவார். 2020 ஜூலையில் காலமானார். பத்து மாதத்தில் நரசிம்மனும் போய்விட்டார்.

இதனால் என்ன பயன்?

அப்பாக்கள் கேட்பது. உங்கள் போனுக்குள் இந்தத் தேற்றம் ஓடுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

அணுவுக்குள் இருக்கும் விசைகளை விளக்க இயற்பியலாளர்கள் 1954-ல் எழுதியவை யாங்–மில்ஸ் சமன்பாடுகள். அதியாவும் பாட் என்ற கணிதவியலாளரும் அந்தச் சமன்பாடுகளை ஓட்டையுள்ள பரப்புகளில் போட்டுப் பார்த்தார்கள். அங்கே வந்து நின்றது பம்பாயில் நிரூபித்த அதே தேற்றம். 1983-ல் சைமன் டொனால்ட்சன் என்ற இளைஞர் அந்த வழியில் அதற்குப் புது நிரூபணம் கொடுத்தார். பிறகு டொனால்ட்சனும், உலன்பெக், யாவ் இருவரும் அதை இன்னும் அதிகப் பரிமாணங்களுக்குக் கொண்டுபோனார்கள். 1980-களின் கடைசியில் இயற்பியலில் வெர்லிண்டே சூத்திரம் வந்தபோது, அது எண்ணுவது நரசிம்மன் வாழ்நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வெளிகளின் (கற்றைகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக வைத்துக் கிடைக்கும் வடிவங்களின்) மேல் உள்ள சார்புகளை என்று தெரிந்தது. அறுபது வயதில் அவர் தன் மாணவர் ராமதாஸோடு உட்கார்ந்து அதிலும் வேலை செய்தார்.

அவர்கள் யாரும் இயற்பியலை நினைத்து ஆரம்பிக்கவில்லை. கேள்வி நன்றாக இருந்தது, பிடித்துக்கொண்டார்கள்.

அவருடைய மாணவர்கள் யார்?

எம்.எஸ். ரகுநாதன், எஸ். ராமனன், டி.ஆர். ராமதாஸ், வி.கே. பட்டோடி. ராமனன் மாணவராக வந்து கூட்டாளி ஆனவர். 1969-ல் இருவரும் எழுதியதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. ஒட்டிய வடையில் இரண்டு பரிமாணக் கற்றைகளில் ஒரு வகையை எல்லாம் திரட்டி, ஒவ்வொரு கற்றைக்கும் ஒரு புள்ளி என்று வைத்தால் ஒரு புதிய வெளி கிடைக்கிறது. அது பயங்கரமான சிக்கலாக இருக்கும் என்றுதான் தோன்றும். கடைசியில் அது வடிவியல் படிப்பவர்கள் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த, எளிமையான முப்பரிமாண வீழ்ப்பு வெளிதான் என்று வந்தது. வடிவங்களைச் சேகரித்து வைத்தால் அந்தச் சேகரமே ஒரு வடிவம்!

பட்டோடியைப் பற்றிச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். அதியா–பட்டோடி–சிங்கர் தேற்றத்தில் நடுப்பெயர் அவருடையது. 1976-ல், 31 வயதில் இறந்துவிட்டார்.

விருதுகள்?

பட்நாகர் விருது 1975, பத்மபூஷண் 1990, லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் 1996, மன்னர் ஃபைசல் பரிசு 2006. கடைசியது டொனால்ட்சனோடு பகிர்ந்து கொண்டது.

மும்பையை விட்டு ஏன் போனார்?

1992-ல் டி.ஐ.எஃப்.ஆரிலிருந்து ஓய்வு. அதன்பின் இத்தாலியில் திரியெஸ்தே நகரிலுள்ள அனைத்துலகக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தில் கணிதப் பிரிவின் தலைவரானார். பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964-ல் தொடங்கிய மையம் அது. ஏழை நாடுகளின் விஞ்ஞானிகள் அங்கே வந்து படித்துவிட்டுத் தங்கள் ஊருக்குத் திரும்பி வேலை செய்ய உதவுவது அதன் நோக்கம். யாட் கிளப்பில் தனக்குக் கிடைத்ததை மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போனார் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன். பிறகு பெங்களூர், அங்கேயும் கணிதத்தை விடவில்லை.

பெண்கள் இந்தத் துறையில் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். டி.ஐ.எஃப்.ஆரில் ஆராய்ச்சி செய்த சுஜாதா ராமதொரை, அதே திரியெஸ்தே மையம் தரும் ராமானுஜன் பரிசை 2006-ல் பெற்றார். அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். கொல்கத்தாவின் நீனா குப்தா 2021-ல் பெற்றார். போதுமான அளவு இருக்கிறார்களா என்று கேட்டால், இல்லை. "பெண் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு கணக்கு" என்று என்னிடம் சொல்கிறவர்கள் இன்னும் வருகிறார்கள். அவர்களை உட்கார வைத்துக் காபி கொடுத்துப் பேசுகிறேன்.

என் பிள்ளை கணக்கே படிக்கிறேன் என்கிறான். சோறு போடுமா டீச்சர்?

போடும். பேராசிரியர் வேலைக்குச் சம்பளம் உண்டு, முனைவர் பட்டம் படிக்கும்போதே உதவித்தொகை உண்டு. தேசிய உயர்கணித வாரியம் முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் உதவித்தொகை தருகிறது. ஆனால் வழி நீளம். பன்னிரண்டாவதுக்குப் பின் பத்து ஆண்டாவது ஆகும். கூடப் படித்தவன் ஐ.டி.யில் கார் வாங்கியிருப்பான், அந்தக் காலத்தைக் குடும்பம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளியில் இருக்கும்போது கணித ஒலிம்பியாட் எழுதட்டும். அதை நடத்தும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் மான்குர்டில்தான் இருக்கிறது. பன்னிரண்டாவதுக்குப் பின் பெங்களூர் இந்தியப் புள்ளியியல் கழகம், சென்னைக் கணிதவியல் கழகம் இரண்டுக்கும் தனி நுழைவுத் தேர்வு உண்டு. ஐசர் என்ற அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் புனேயில் இருக்கிறது, அதுவும் பக்கம். ஜே.இ.இ. கோச்சிங்கில் கற்றுக்கொள்ளும் வேகம் அந்தப் பெங்களூர், சென்னைத் தேர்வுகளுக்குப் போதாது. ஏன் என்று எழுதிக் காட்டச் சொல்வார்கள்.

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறாள். ஆங்கிலம் தடுமாறும். முடியுமா?

தண்டரையிலிருந்து கிளம்பியவர் பாரிஸில் பிரெஞ்சில் பேசிப் பழகினார். இது மொழி தடுக்கிற இடம் இல்லை. வடையும் நூலும் தமிழில் புரிந்தால் போதும், பெயர்களைப் பிறகு ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஞாயிறு அனுப்பி வையுங்கள்.

அந்தத் திருப்பி ஒட்டிய பட்டையை வைத்து வீட்டில் வேறு என்ன செய்யலாம்?

நடுக்கோட்டில் நெடுக வெட்டுங்கள். இரண்டாகப் பிரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். பிரியாது, ஒரே நீள வளையமாக வரும். அடுத்து இன்னொரு பட்டை ஒட்டி, ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, அதே தூரத்தைக் கடைசி வரை விடாமல் வெட்டிக்கொண்டே போங்கள். கத்தரிக்கோல் இரண்டு சுற்று போய்த் தொடங்கிய இடத்துக்கே வரும். அப்போது கையில் என்ன இருக்கும் என்று வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதி மடித்து வைத்துவிடுங்கள். பாட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போன வாரம் எங்கள் கூடத்தில் சரியாக எழுதியது ஒரு பாட்டிதான், பூத்தொடுக்கிறவர்.